அண்ணிக்கு வந்த மாற்றம்

என் அண்ணியை அனல்மின் நிலையத்தில் எல்லோரும் பெல்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிலக்கரி ஏறிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் உடம்பை மடித்துக்கொண்டு நுழைந்து, சிந்திய கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி மேலே போடுவாள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டாலும் எச்சில் கறுப்பாகத்தான் வரும். கண்ணுக்கு மை வாங்குகிற செலவு மிச்சம் என்று சிரிப்பாள். அண்ணன் இறந்துபோன பிறகு அவளும் மகளும் அந்த மண்வெட்டியை நம்பித்தான் இருந்தார்கள். உழைப்பது நிலையத்துக்கு, சம்பளம் கான்ட்ராக்டரிடம்.

நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புகை குறைந்தால் உலகத்துக்கு நல்லதாம். நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? அந்தப் புகையை முதலில் தின்றவர்கள் நாங்கள்தானே. கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன், பால் பொங்குவதற்குள் பாத்திரத்தில் கரித்தூள் விழுந்துவிடும்.

ஒருநாள் கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள்: ‘தொழிலாளர் அனைவருக்கும் நியாயமான மாற்றம்.’ எங்கள் பக்கத்தில் மாற்றம் என்றால் ஒரே அர்த்தம்தான். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு அனுப்புவது. யாருக்காவது மாற்றம் வந்தால் அவர் என் கடையில் எல்லோருக்கும் டீ சொல்வார். அண்ணி ‘அனைவருக்கும்’ என்பதை எழுத்துக் கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்றைக்கு டீ அவள் பெயரில். இத்தனை காலம் கழித்தாவது இவளையும் ஒரு ஆளாக மதித்தார்களே என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அவளுக்கு எதிலும் அவசரம். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் உடனே வேறு குடித்தனம் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மகளின் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் கூட்டம் போட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் பேசினார். மாற்றம் என்றால் இடமாற்றம் இல்லையாம், ஒரு பொருளாதாரத்திலிருந்து இன்னொரு பொருளாதாரத்துக்குப் போவதாம். இடமாற்றம் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தையல் பயிற்சி தரலாமா என்று யோசிக்கிறார்களாம். அண்ணி வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்ட கதையை யாரோ சொல்ல, முன்வரிசையில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதத் துப்பில்லை, நம்பிப் படித்தவளைப் பார்த்துச் சிரிப்பு வேறு! அண்ணி எழுந்து நின்றாள்.

“கரி அள்ளுறப்ப நிலையத்து ஆளு. மூடுறப்ப மட்டும் நான் கான்ட்ராக்டர் ஆளா?”

குறித்துக்கொள்கிறோம் என்றார் அதிகாரி.

மாதம் பிறந்ததும் புதுக் குடித்தனக்காரர்கள் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். நான் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பிடிவாதக்காரி, கேட்கவில்லை. பாய், பாத்திரம், துணிமூட்டை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, மகளையும் கூட்டிக்கொண்டு நேரே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் வராந்தாவில் இறக்கினாள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். காவலாளி விரட்டிப் பார்த்தான், நடக்கவில்லை. சத்தம் கேட்டு அதிகாரியே வெளியே வந்து, என்னம்மா இதெல்லாம் என்று கேட்டார்.

அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

“அனைவருக்கும் மாற்றம்னு எழுதினீங்க இல்ல சார்? எங்கேன்னு மட்டும் சொல்லுங்க. போயிடறோம்.”

அவர் திரும்பி உள்ளே போனார். நாங்கள் பாயை விரித்தோம்.