பானைக்குள் போன பால் கரண்டி

மெனாஷே கல்யாணம் கட்டாதவன். ஓர்-யெஹூதா என்ற ஊரில் பஸ் ஓட்டினான், அம்மா சலீமாவைப் பார்த்துக்கொண்டான். அம்மாவுக்குக் கை நடுக்கம் கண்ட பிறகு கோழி வயிற்றில் அரிசியை அடைத்து ஊசிநூலால் தைத்ததும் அவன்தான். அவள் நாற்காலியில் இருந்தபடி திட்டுவாள், இவன் தைப்பான். பாக்தாத்திலிருந்து அவளோடு வந்த த்பீத் சமையல் அப்படித்தான் ஓர் ஆண்பிள்ளை கைக்குப் போனது. சாகும்போது பானையையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள். அக்காமார் இரண்டு பேருக்கும் அது ஆறவில்லை.

அம்மாவின் முதல் வருஷ நினைவு நாள், யூதர்கள் ஓய்ந்திருக்கும் சபாத்தில், ஒரு சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானமே இருவரும் வந்து இறங்கினார்கள். மூத்தவள் ஹபீபா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னைக்குப் பாத்துருவோம்டா. அம்மா கைப்பக்குவம் இல்லைன்னா பானை என் வீட்டுக்கு வருது.”

“முதல்ல உள்ள வந்து உக்காரு அக்கா. பானை எங்கயும் ஓடாது.”

அவளும் இளைய அக்கா லூயிஸும் கூடத்தில் பூசணி விதை கொறித்தார்கள். அடுக்களையில் பானை கொதித்தது. சாயங்காலம் சபாத் தொடங்குவதற்கான சங்கு ஊதுவதற்குள் அதைச் சூட்டுத் தகட்டில் ஏற்றிவிட வேண்டும். ராத்திரி முழுக்க அங்கேயே வெந்து மறுநாள் மத்தியானம்தான் இறங்கும். சங்கு ஊதிவிட்டால் புதிதாக எதையும் சமைக்க முடியாது.

டிப்போ பழக்கம், நின்றபடியே பால் காபி கலக்கிக் குடித்தான். அடுத்த நிமிஷம் உப்புப் பார்க்கக் கைக்குக் கிடைத்த கரண்டியைக் கொதிக்கிற சாற்றில் விட்டான். உதட்டருகே கொண்டுபோனபோதுதான் காம்பில் நீல வர்ணம் தெரிந்தது. காபி கலக்கிய பால் கரண்டி, பாலுக்கென்றே தனியாக வைத்தது.

கறியும் பாலும் சேரக்கூடாது என்பது அந்த வீட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொட்டிவிட்டு வேறு கோழி தைக்க நேரமில்லை. பேசாமல் இருந்தால், அம்மாவின் நாளில் அக்காமாருக்குத் தீட்டுச் சோறு போட்டவன் ஆவான்.

பால்கனிக்குப் போய், மத விதி சொல்லும் குரு ஹாகாம் நிசிமுக்குப் போன் போட்டான்.

“பானை எவ்வளவு பெருசு?” என்றார் ஹாகாம்.

“பதினஞ்சு பேர் சாப்பிடலாம்.”

“கரண்டி?”

“காபி கரண்டிதான். பாதிதான் முங்குச்சு.”

“அதுக்கு அறுபது மடங்குக்கு மேலயே பானையில இருக்கு. அறுபதுல ஒரு பங்குக்குக் கீழ பால் பட்டா தீட்டில்ல, தாராளமா சாப்பிடலாம். கரண்டியைத் தனியா எடுத்து வை. ஏம்ப்பா, கறி வேகுற இடத்துல பாலுக்கு என்ன வேலை?”

போனை வைத்துத் திரும்பினான். ஹபீபா கதவில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

“சாப்பிடலாம்னாரா?”

“ஆமா.”

“எனக்கு அது போதும். லூயிஸுக்குப் போதாது. கீரையையே ஏழு தண்ணியில அலசுறவ அவ.” குரலைத் தணித்தாள். “அவ காதுல போட வேண்டாம் கண்ணு. நாளைக்குச் சபாத் முடிஞ்சதும் பானையை நான் தூக்கிட்டுப் போறேன். உன் மானமும் தப்பிக்கும்.”

மெனாஷே கூடத்துப் பக்கம் பார்த்தான். சொன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து பறிப்பார்கள். சொல்லாவிட்டால் இவள் ஒருத்தி பறிப்பாள். எப்படியும் பானை போகத்தான் போகிறது. அவன் ஹபீபாவை விலக்கிக்கொண்டு போய் லூயிஸ் முன்னால் நின்றான்.

“சின்னக்கா, பானையில பால் கரண்டியை விட்டுட்டேன். ஹாகாம் சாப்பிடலாம்னு சொல்லிட்டார். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்.”

லூயிஸ் கையிலிருந்த விதையைத் தட்டில் போட்டாள்.

“அம்மா இருந்தா என்ன பண்ணியிருப்பா?”

“குப்பையில கொட்டியிருப்பா. கூடவே என்னையும்.”

அவள் சிரிக்கவில்லை. சங்கு ஊத ஆரம்பிக்கப் போகிற நேரம். அவன் ஓடிப்போய்ப் பானையைத் தூக்கித் தகட்டில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் பானையைத் திறந்தார்கள். ஹபீபா இரண்டு தட்டு சாப்பிட்டாள், அடிப்பிடித்த பொருக்கையும் சுரண்டிக்கொண்டாள், ஏலக்காய் குறைச்சல் என்றாள். லூயிஸ் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் மட்டும் தின்றாள்.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து சபாத் முடிந்ததும் ஹபீபா மிச்சச் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பானையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் இறக்கினாள். மெனாஷே தடுக்கவில்லை.

“வை அதை,” என்றாள் லூயிஸ்.

“பால் பட்ட பானைடி, உனக்கெதுக்கு?”

“பால் பட்டதுன்னு தெரிஞ்சுதான ரெண்டு தட்டு தின்ன? அவன் வாயைத் திறக்கலைன்னா நானும் தின்னுருப்பேன். நீ எனக்குச் சொல்லியிருப்பியா அக்கா?”

ஹபீபா பையின் வாயை இழுத்துப் பிடித்தாள்.

“எந்த வீட்டுல சாப்பிட்டா நான் பயப்படாம சாப்பிடலாமோ, அங்க இருக்கட்டும் பானை,” என்றாள் லூயிஸ். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். “உன் தையல் கோணல்டா. அரிசியெல்லாம் வெளிய வந்துருக்கு. வர்ற வருஷம் நான் வந்து தைக்கிறேன்.”

ஹபீபா பானையை எடுத்து மேடையில் ணங்கென்று வைத்தாள். வாசல் வரை போய்விட்டு நின்றாள்.

“மிச்சச் சோத்தையாவது ஒரு டப்பாவுல போட்டுக் குடுடா.”

மெனாஷே அலமாரியில் டப்பா தேடினான்.