திராட்சைத் தோட்டக்காரரும் தினம் ஒரு மாத்திரையும்

புற்றுநோய்ப் பிரிவில் மாத்திரை கொடுப்பது சுலபம். அது ஒழுங்காக வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நான் தேனியில் நர்ஸ். என்னைப் போலவே தொண்டை வறளப் பேசிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் பெருமாள் அண்ணனைப் பற்றி உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

முந்திக்கொண்ட மொட்டை

அண்ணனுக்கு இரைப்பைச் சுவரில் கட்டி. அபூர்வ வகைப் புற்றுநோய். அப்படியே அறுத்தால் இரைப்பையே போய்விடும், முதலில் சுருக்கிவிட்டால் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார் டாக்டர். எந்த மரபணுக் கோளாறு கட்டியை வளர்க்கிறது என்று சோதித்துப் பார்த்து, அதை மட்டும் குறிவைத்து அடக்கும் மாத்திரையை எழுதினார்.

மாத்திரை வாங்க வந்த அண்ணன் பளபளவென்று மொட்டை அடித்திருந்தார். முடி கொட்டும் என்று யாரோ சொன்னார்களாம். "இந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் முடி கொட்டாதுண்ணே" என்றேன். பாவம், தலையைத் தடவிக்கொண்டார். அவர் மனைவி செல்வியக்காவுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"போகட்டும் விடுங்க சிஸ்டர், ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு ரொம்ப நாளா ஏமாத்திக்கிட்டு இருந்தாக, இப்பக் கழிஞ்சுபோச்சு!"

வீங்கிய கண்

சாப்பிட்டதும் பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கணும், கண்ணைச் சுற்றி வீங்கலாம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். செல்வியக்காவின் கவலையோ வேறு.

"விசேஷ வீட்டுக்குப் போனா, 'என்னத்தா, அவுகள அழுக விட்டுட்டியா'னு என்னையக் கேக்குறாக சிஸ்டர்!"

ஸ்கேனுக்கு முன்னால்

கட்டி சுருங்கியதா என்று பார்க்கும் ஸ்கேன் நாள். "மாத்திரை தவறலையே அண்ணே?" என்று சும்மாதான் கேட்டேன். தேதி சொன்ன அன்றே நிறுத்திவிட்டேன் என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி. இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கலாமே! வராந்தா என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவர் நிதானமாக விளக்கினார்.

"பழம் வெட்டுறதுக்கு முன்னாடி மருந்தடிய நிப்பாட்டணும்ல? இல்லேன்னா மருந்து பழத்துல நிக்கும், ஏவாரி சீண்ட மாட்டான். ஸ்கேன்ல மருந்து தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் சிஸ்டர்."

வெட்டுக்குப் பிறகு

டாக்டர் அன்றே மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, ஸ்கேனைத் தள்ளிவைத்தார். அதுவரை எனக்குத் தூக்கம் சரியில்லை. கடைசியில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அதே வராந்தாவில் கைதட்டினேன். ஆபரேஷன் முடிந்தது, இரைப்பை தப்பியது. செல்வியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

பாக்கி ஒரு வேலை இருந்தது. கட்டி திரும்பாமலிருக்க, இனியும் சில வருஷம் மாத்திரை உண்டு என்று அவரிடம் சொல்ல வேண்டும். கட்டிதான் போயிருச்சே என்று மல்லுக்கட்டுவார் என்று பேச்சையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெட்டு முடிஞ்சு, கொடியக் கழிச்சுக் கவாத்துப் பண்ணி, துளிர் விடுறப்பத்தான சிஸ்டர் மருந்தடியே மும்முரமா இருக்கும்? இதுகூடத் தெரியாமயா வேலை பாக்குறீக?"

இப்போதெல்லாம் மாத்திரை அட்டையை நீட்டுமுன் பேர், வயசு கேட்கிறேனோ இல்லையோ, என்ன வெள்ளாமை என்று கேட்டுவிடுகிறேன்.