பன்னிரண்டு கிளிப்பும் ஒரு சிவப்பு நூலும்

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்யன்னல் கம்பியில் ஒரு மடிப்பு ஹேங்கர் தொங்குகிறது. நடுவில் கொக்கி, அதன் கீழே குடைக்கம்பிகளைப் போல விரியும் ஆறு கைகள், கைக்கு இரண்டாகப் பன்னிரண்டு கிளிப்புகள். மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். நீலப் பிளாஸ்டிக் பூச்சு கடற்காற்றில் அங்கங்கே உரிந்து, உள்ளே இருக்கும் கம்பி துருவேறித் தெரிகிறது. பதினொரு கிளிப்புகள் எத்தனையோ வருடங்களாக உடுப்புகளைக் கவ்விக் கவ்விப் பல் தேய்ந்தவை. பன்னிரண்டாவது கிளிப்பின் வாய் மட்டும் ஒரு சிவப்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. போன சனிக்கிழமை வரை அப்படித்தான் இருந்தது. அந்த முடிச்சைப் போட்டவர் பெக்கிங் அக்கா.

நான் வேலை செய்த பட்டறையில் வரவு பதியும் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் எங்கள் பட்டறை இருந்தது. கோப்பை வைக்கும் தட்டு, கடைகளில் சாமான் தொங்கவிடும் கொக்கி என்று கம்பியால் செய்யக்கூடிய எதையும் செய்தோம். செய்ததையெல்லாம் துடைத்து, கட்டி, பெட்டியில் அடுக்கும் ‘பெக்கிங்’ அக்காவின் வேலை. நாற்பதைத் தொடாத வயது. பெற்றோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள், வீடு தெமட்டகொடையில் ரயில் பாதையை ஒட்டி. பொருள்கள் ஒன்றோடொன்று சிக்காமலிருக்க அவர் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். இரண்டு சுற்று, நடுவில் ஒரு குறுக்கு, பிறகு நுனியைப் பல்லால் கடித்து விடுவார். அதை அவிழ்க்க வழியில்லை, வெட்டத்தான் வேண்டும். கடைக்காரர்கள் அதற்காக அவரைத் திட்டுவார்கள் என்று முதலாளி சொல்லுவார். அக்கா கேட்டுக்கொள்வார், முடிச்சை மாற்றமாட்டார்.

நான் அங்கே சாமான்களுக்கு வரைபடம் வரையச் சேர்ந்தவள். திருகோணமலையிலிருந்து வந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். ஐந்தாவது மாதத்தில்தான் அந்த வேலை வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் விடுதியில் மாடிப்படிக் கம்பியெல்லாம் ஈர உடுப்பு. மடித்து வைக்கக்கூடிய, ஆளுக்கொன்றாகக் கொடுக்கக்கூடிய ஏதாவது செய்ய முடியுமா என்று விடுதிப் பொறுப்பாளரான மதர் கேட்டிருந்தார். முதலாளி கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மிஸ், இது சரிவந்தா நீங்க பெர்மனன்ட். சரிவராட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது.” அவர் கெட்டவர் அல்லர். இன்றைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலத்தான் அதைச் சொன்னார். ஆனால் திருகோணமலையில் எனக்கென்று வேலை எதுவும் இருக்கவில்லை. பார்த்து வைத்த மாப்பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

மூன்று வாரம் அந்தக் கைகளோடு மல்லுக்கட்டினேன். விரித்தால் விழாமல் நிற்க வேண்டும், தட்டினால் மடிய வேண்டும். முதல் மாதிரி ஒரு ஈரத் துவாயின் பாரத்தில் சாய்ந்தது. இரண்டாவது, கம்பி ஒட்டும் தம்பியின் விரலைக் கடித்தது. மூன்றாவது சரியாக நின்றது. முதலாளி அதை நாலைந்து தரம் விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு “ஹரி, ஹரி” என்றார், சிங்களத்தில் ‘சரி’ என்று. அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. வரைபடத்தில் கிளிப்புகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு, ‘காலுறை, கைக்குட்டை’ என்று அழகாக எழுதியிருந்தேன். கொழும்புக்கு வந்தபின் நான் ஒருநாளும் காலுறை போட்டதில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் போட்டதில்லை. அந்தக் கிளிப்புகள் எதற்கு வேண்டும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் கை காலுறை என்றுதான் எழுதியது.

அப்போது நான் வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் வீடும் வெள்ளவத்தையில்தான், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். மூன்று அறை, ஆறு பெண்கள். வீட்டுக்கார அன்ரிக்கு ஒரே சட்டம்தான். “உடுப்பை முன்னுக்குப் போடாதேங்கோ பிள்ளையள், றோட்டால போறவையெல்லாம் பாப்பினம்.” பின்பக்கமோ அடுத்த மாடிவீட்டின் யன்னல்களுக்கு நேரே கிடந்தது. மேற்சட்டையும் பாவாடையும் எப்படியோ இடம் பிடித்துவிடும். மற்றவை துவாய்க்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், கட்டில் சட்டத்தில். வெயிலையும் காற்றையும் காணாமல், பாதி ஈரத்தோடு மறுநாள் உடம்புக்கு ஏறும். அரிப்பும் புண்ணும் எங்கள் ஆறு பேருக்குமே இருந்தன என்று பிற்காலத்தில்தான் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோம். அப்போது எல்லாரிடமும் ஒரே பவுடர் டப்பா இருந்தது. எல்லாரும் அதை வேர்க்குருவுக்கு என்று சொல்லிக்கொண்டார்கள்.

விடுதிக்கு அனுப்புமுன் ஆறு மாதிரிகளை எங்கள் போடிங்கில் இரண்டு வாரம் பாவித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அக்கா தன் வழக்கப்படி ஒவ்வொரு கிளிப்புக்கும் முடிச்சுப் போட்டு ஆறையும் பையில் தந்தார். நான் கேள்வித்தாள் தயாரித்தேன். விரிக்கச் சுலபமா, பாரம் தாங்குகிறதா, நிறம் பிடித்திருக்கிறதா. இரண்டாவது வாரக் கடைசியில் முதலாளியே நேரில் வந்தார். அன்ரி கொடுத்த தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு “நல்லா இருக்கு சேர்” என்றார்கள். தாள்களிலும் ‘மிக நன்று’ என்றே எழுதியிருந்தது. என் தாளையும் நானே நிரப்பியிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது போன்ற சந்தோஷம்தான்.

திங்கட்கிழமை மாதிரிகளைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அக்கா துடைப்பதற்காக ஒன்றை விரித்தார். மடித்தார். அடுத்ததை விரித்தார். ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ், எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?”

“ஓம் அக்கா. எல்லாரும்.”

“நான் போட்ட முடிச்சு ஒண்ணுகூட வெட்டலியே.”

பார்த்தேன். ஆறு ஹேங்கர், எழுபத்திரண்டு கிளிப்பு, எழுபத்திரண்டு சிவப்பு முடிச்சு. என்னுடையதும் அதில் இருந்தது. இரண்டு வாரமும் நான் அதன் கைகளில் துவாய் போட்டேன், சட்டை போட்டேன். என் உள்ளுடுப்புகள் வழமைபோல அலுமாரிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கின. ஹேங்கரைக் கண்டுபிடித்தவளே ஆணியை விடவில்லை. அது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. “உங்களோடத எங்க காயப் போடுறீங்க மிஸ்?” என்று கேட்டார். முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். நான் தலைகுனிந்தேன். அக்கா அவர் பக்கம் திரும்பினார். “பொம்பளப் புள்ளைங்க உள்ளுடுப்ப இப்பிடி நாலு பேரு பாக்க தொங்கப் போட மாட்டாங்க சேர். என் மகளுக்கு ஈரத்துணி போட்டுப் போட்டு ஒரு வருசம் புண்ணு. என்கிட்டகூட சொல்லல. டாக்டர்கிட்ட போறப்ப நடக்க முடியாம போச்சு.” முதலாளி சுவரிலிருந்த தேவாலயக் கலண்டரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கலண்டரிடமே, “அப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

செய்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. கைகளைச் சற்று நீட்டி, அவற்றின் நுனிகளை ஒரு மெல்லிய கயிற்று வளையத்தால் இணைத்தோம். கிளிப்புகளை உள்ளே இழுத்து, ஒரு சாண் கீழே, சிறிய இரண்டாவது வளையத்தில் தொங்கவிட்டோம். வெளி வளையத்தில் துவாயையோ சேலையையோ சுற்றிப் போட்டால் அது திரை. திரைக்கும் கிளிப்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. மேலும் கீழும் திறந்திருப்பதால் காற்று ஏறி இறங்கும். அந்த நான்கு விரலும் அக்காவின் விரல்கள். தெமட்டகொடையில் மகளுக்காகக் கிழிந்த சேலையைக் கட்டி அவர் அப்படித்தான் காயப் போட்டுவந்தார். அவர் கையைப் பலகையில் வைக்கச் சொல்லி அளந்து வரைந்தேன். வேலை மூன்று நாளில் முடிந்தது.

மதரிடம் போன அன்று மூவரும் ஓட்டோவில் போனோம். மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா, மறுபக்கம் நான், முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டு முதலாளி. வரவேற்பறையில் மதர் ஹேங்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இந்த உள் வளையம் எதுக்கு?” என்று கேட்டார். முதலாளிக்கு உடனே ஒரு தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்து வெளியே போய்விட்டார். “சின்ன… சின்ன உடுப்புகள் மதர்” என்றேன். மதர் விளங்காமல் பார்த்தார். அக்கா வாசற்படியருகே நின்றார். அவர் பேசமாட்டார் என்று தெரிந்தது. அது அவருடைய இடம் அல்ல என்று அவரே முடிவு செய்திருந்தார். கடைசியில் அவருடைய கேள்வியையே நான் எடுத்துக்கொண்டேன். “மதர், உங்கட பிள்ளைகள் உள்ளுடுப்பை எங்க காயப் போடுறவை எண்டு கேட்டிருக்கிறீங்களா?”

மதர் மெதுவாகச் சொன்னார். “மெத்தைக்குக் கீழ. நான் அதுக்கு அவையள ஏசியிருக்கிறன்.” ஹேங்கரை மடித்தார், விரித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். மதர் அவரிடம், “இதை ஆர் யோசிச்சது?” என்று கேட்டார்.

“இந்த மிஸ்தான்” என்றார் முதலாளி, பெருமையோடு.

மதர் என்னைப் பார்த்தார். நான் “ஓம் மதர்” என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு சொல். அக்கா நாலடி தூரத்தில் வெறும் பையோடு நின்றார். திரும்பி வரும்போது ஓட்டோவில் அவர், “நல்லா பேசினீங்க மிஸ்” என்றார். குத்திக் காட்டியதாக எனக்குப் படவில்லை. குத்திக் காட்டியிருந்தால் ஒருவேளை நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் எனக்கு நியமனக் கடிதம் வந்தது. இறுதி வரைபடத்தில் ‘வடிவமைத்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அதில் தன் பெயர் வேண்டுமா என்று அக்காவை நான் கேட்கவில்லை. இப்படியொரு சாமானில் தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போடிங் பெண்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் வந்த வினையை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். அதற்குப் பிறகும் அக்காவிடம் கேட்காமல் விட்டேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

இரண்டு வருடத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்து, அக்கா வேலையை விட்டு நின்றார். கடைசி நாள் எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். அவர் தந்த தொலைபேசி இலக்கம் சில மாதத்துக்குப் பிறகு வேலை செய்யவில்லை. தெமட்டகொடையில் அந்தப் பாதையோர வீடுகள் பல இப்போது இல்லை. நான் தேடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான்.

அந்த முதல் ஆறு மாதிரிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தோற்றுப்போன மாதிரிதான். பன்னிரண்டு முடிச்சுகளில் பதினொன்றைத் தேவைக்கேற்ப வெட்டிவிட்டு, ஒன்றை அப்படியே விட்டிருந்தேன். என் உள்ளுடுப்புகள் காய்வது உள் வளையம் வைத்த புது ஹேங்கரில், குளியலறைப் பக்கம், துவாய்க்குப் பின்னால், நான்கு விரல் இடைவெளியில். வீட்டில் நானும் கணவரும் மகளும்தான். யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

போன சனிக்கிழமை பின்யன்னல் பக்கம் போனபோது மகள் கத்தரிக்கோலோடு நின்றாள். வயது பதினேழு. அந்தப் பழைய ஹேங்கர் முழுவதும் அவளுடைய உள்ளுடுப்புகள், வெயிலில், அடுத்த மாடிவீட்டின் யன்னல்களுக்கு நேரே, காற்றில் ஆடிக்கொண்டு. நான் ஓடிப்போய் ஒரு துவாயை எடுத்துப் போர்த்தப் பார்த்தேன். “என்னம்மா, பிறகு எப்பிடிக் காயும்?” என்றாள் அவள், திரும்பிப் பாராமலே. சண்டைக் குரல் இல்லை. சந்தேகம் கேட்பவளைப் போலத்தான் கேட்டாள். துவாயோடு அப்படியே நின்றேன். இதை அக்காவிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

பிறகுதான் பன்னிரண்டாவது கிளிப்பைக் கவனித்தேன். அது அவளுடைய கடைசித் துணியைக் கவ்விக்கொண்டிருந்தது. “இதை ஏன் கட்டி வச்சிருந்தீங்க? இடம் காணாமல் வெட்டினனான்” என்றாள். நான் அவளை ஏசவில்லை. கீழே யன்னல் விளிம்பில் சிவப்பு நூல் இரண்டு துண்டாகக் கிடந்தது. வரைபடத்தில் இருப்பது என் பெயர். அக்காவுடையது என்று என்னிடம் இருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான். நூலைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, இரண்டு சுற்று, நடுவில் ஒரு குறுக்கு என்று போட்டுப் பார்த்தேன். பத்துத் தரமாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் இழுத்தவுடன் அவிழ்ந்துபோனது.