கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல்

என் அக்கா புருஷனை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை. கண்ணாடியில் கட்டரை வைத்து ஒரே இழுப்பில் கோடு போடுவார். மேஜை ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினால் பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிடும். கை அவ்வளவு உறுதி. மனசுதான் அதற்கு நேர் எதிர். தெருவில் டயர் வெடித்தால்கூட எழுந்து நின்றுவிடுவார்.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் வாயாடி என்போம். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறாள். வேலை விட்டு வந்தால் கதவைத் தட்ட மாட்டாள். பக்கத்திலிருக்கும் ஜன்னல் கண்ணாடியை மோதிர விரலால் டக் டக்கென்று தட்டுவாள்.

“ஏண்டி, உனக்குக் கதவு கண்ணுக்குத் தெரியாதா?” என்பாள் அக்கா.

“அப்பா போட்ட கண்ணாடி நிக்குதான்னு பாக்குறேம்மா. பயந்தாங்கொள்ளி போட்டதாச்சே.”

அத்தான் சிரிப்பார். வேறு யார் சொல்லியிருந்தாலும் முகம் சுருங்கிப்போகும்.

என் வீட்டுக்காரர் போனபிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன். ஆகவே கலவரம் தொடங்கியதிலிருந்து எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. முதலில் கடைவீதியில் கல் வீசினார்கள். அத்தானுக்குச் சாப்பிட நேரமில்லாத அளவுக்கு வேலை. “ஊருக்கு வந்த கேடு உமக்கு யோகம்” என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கிண்டல் பண்ணினார். அந்த யோகம் நீடிக்கவில்லை. கும்பலாக வந்து கதவைத் தட்டி, திறந்தவர்களை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்க நாதியில்லை. போனவர்கள் திரும்பவும் இல்லை.

ஒரு நாள் வாயாடி வேலைக்குப் போனபிறகு பாலத்தை மூடிவிட்டார்கள். போனும் செத்துவிட்டது. அத்தான் பாலம்வரை போய்ப் பார்த்துவிட்டு, துப்பாக்கிக்காரர்கள் விரட்டியதில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார். மறுநாள் கல் விழுந்து எங்கள் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்ட மனிதர் தன் வீட்டு ஜன்னலுக்குத் தடித்த பலகையை வைத்து ஆணி அடித்தார். தெருவே அதைப் பார்த்துப் பலகை அடித்தது.

அப்புறம்தான் அந்த மழை. நல்ல பகல் நேரம், ஆனால் வீடு இருட்டாக இருந்தது. தகரக் கூரையில் மழை இரைச்சல். நடுவில் தொம் தொம்மென்று ஒரு சத்தம்.

அக்கா எழுந்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போகாத.”

“யாருன்னாவது கேக்குறேங்க.”

“குரல் கொடுத்தா ஆள் இருக்குன்னு தெரிஞ்சிரும். உக்காரு.”

மறுபடியும் தொம் தொம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவனே, யாராக இருந்தாலும் போய்விடட்டும் என்று வேண்டினேன். என் எத்தனையோ வேண்டுதல்கள் கிடப்பில் கிடக்கின்றன. அது மட்டும் உடனே பலித்தது.

மழை விட்டு வெகுநேரம் கழித்து அக்காதான் மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, சத்தம் கதவுல கேக்கல. பலகையில கேட்டுச்சு.”

அத்தான் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார்.

“கும்பல்னா கதவை உடைக்கும். ஜன்னலை யாருங்க தட்டுவா? பலகையில தட்டுனா நமக்கு அடையாளம் தெரியாதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு ஓடினார். தெருவில் தண்ணீர் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வீடு வீடாகக் கேட்டோம். பாதிப் பேர் திறக்கவே இல்லை. திறந்தவர்களும் ஒன்றும் பார்க்கவில்லை. “கதவு திறக்கலன்னா யாரா இருந்தாலும் ஜன்னலைத்தான் தட்டுவாங்க, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றாள் தையல்காரர் மனைவி. இருக்கலாம். அது வாயாடியாகவே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப்பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் அத்தான் ஆணிகளைப் பிடுங்கினார். அவர் கடையில் முழுக் கண்ணாடி எதுவும் மிஞ்சவில்லை. வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி, நடுவில் சட்டம் வைத்து, நான்காகச் சேர்த்துப் பொருத்தினார். கண்ணாடி ஒட்டுகிற மக்கு பிசைந்து ஓரம் அடைத்தார். கோடு போடும்போது முதல்முறையாகக் கட்டர் விலகிற்று. இரண்டு துண்டுகள் வீணாகின.

தையல்காரர் வாசலில் நின்று பார்த்தார். “என்ன ஓய், புத்தி பேதலிச்சுப் போச்சா? மறுபடி கல்லு வந்தா?”

“மறுபடி போடுவேன்.”

கல் வந்தது. அவர் மறுபடி போட்டார். தெருவில் அந்த ஒரு ஜன்னலில்தான் கண்ணாடி. அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாலம் திறக்கவில்லை. தட்டியவர் யார் என்று தெரியாததுதான் அவர்கள் இருவரையும் அரித்துத் தின்றது.

ஒரு சாயங்காலம் தையல்காரர் வந்தார். கலவரம் தொடங்கியதிலிருந்து தண்ணீர் பிடிக்கக்கூடப் பெண்சாதியை அனுப்பிவிட்டு உள்ளே பதுங்கிக் கிடக்கிறவர். வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“சொல்லக் கூச்சமா இருந்துச்சுங்க. அன்னிக்கு மழையில தட்டினது நான்தான். அடுப்பு பத்தவைக்கத் தீப்பெட்டி இல்ல. உங்க கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

அத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீர்தானா? ஒரு குரல் கொடுத்திருக்கலாமே ஓய்” என்றார். அக்கா எழுந்துபோய்த் தீப்பெட்டி எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். “எப்ப வேணும்னாலும் வாங்கண்ணே” என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். அவருக்குப் புண்ணியம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

அடுக்களையில் அக்கா என் காதருகே வந்தாள்.

“கதவைத் தட்டினேன்னுதானே சொன்னாரு?”

“ஆமாக்கா.”

“அத்தான்கிட்ட ஒண்ணும் கேக்காத. அவராவது நம்பிட்டுத் தூங்கட்டும்.”

நான் தலையாட்டினேன். பாத்திரம் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தால், அத்தான் உள்ளறையில் கிடந்த தன் பாயை எடுத்துவந்து ஜன்னலுக்கு நேர் கீழே விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “உள்ள புழுக்கமா இருக்கும்மா” என்றார். வெளியே குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பக்கம் காதை வைத்துப் படுத்துக்கொண்டார்.