சாம்பலுக்கு அடியில்

போன வாரம் பரணிலிருந்து பழைய தோசைத் திருப்பி ஒன்றை இறக்கினேன். அது தோசை திருப்பித் தேய்ந்ததல்ல. கோழிக்கூட்டுத் தரையைச் சுரண்டிச் சுரண்டியே அதன் விளிம்பு பாதியாகிவிட்டது.

யுத்த காலத்தில் பாலக்கரையில் ஒரு வாடகை வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையில்லாதவர். கொல்லையில் ஏழு கோழிகள் வைத்திருந்தார்; ஏழுக்கும் பெயர் உண்டு. நாற்றம் வந்தால் கோழி போய்விட வேண்டும் என்பது ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் நிபந்தனை. அக்கா விடிந்ததும் எச்சத்தைச் சுரண்டி அள்ளிவிட்டு, அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் தூவுவார். "ஈரம் மட்டும் படக்கூடாதும்மா. பட்டா நாறிடும்" என்பார். சேவல் கூவினால்தான் அங்கே கோழி இருப்பதே தெரியும்.

மருங்காபுரியில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போனபோது கூட்டை என்னிடம் ஒப்படைத்துப் போனார். எச்சத்தைச் சுரண்ட எனக்கு அருவருப்பு. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை வாசல் தெளித்த கையோடு, மீந்த சாணித் தண்ணீரைக் கூட்டுக்குள் ஊற்றினேன். சாணி தெளித்தால் எந்த இடமும் சுத்தமாகிவிடும் என்ற நினைப்பு. மத்தியானமே வாடை கிளம்பிவிட்டது. இரண்டு முறம் சாம்பலைக் கொட்டி மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் நான்.

அக்கா ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றே வீட்டுச் சொந்தக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு வந்து கத்தினார். அக்கா குனிந்து, திருப்பியால் தரையை ஒரு கீறு கீறினார். சாம்பலுக்கு அடியில் ஈரமாகச் சாணி. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலால் சாம்பலைத் தள்ளி அதை மூடிவிட்டார்.

"ஊருக்குப் போற அவசரத்துல நாந்தாங்க சரியா கூட்டலை. என் தப்புதான்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம். கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயம். சாயங்காலம் ஏழு கோழிகளும் கால் கட்டப்பட்டு, வியாபாரியின் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போயின. அக்கா தெருமுனை வரை கூடவே நடந்துவிட்டு வந்தார். அதன்பின் எத்தனையோ வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அவர் காலமானபோது அவருடைய பொருள்களில் இந்தத் திருப்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் என் மருமகள் இரண்டு கோழி வாங்கி வந்தாள். திருப்பியைக் கையில் கொடுத்து, தண்ணீர் படாமல் சுரண்டிச் சாம்பல் தூவச் சொன்னேன்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு அத்தை சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்" என்றேன்.

அன்றைக்கு எழும்பாத நாக்கு, இன்றைக்கு எவ்வளவு சுலபமாக எழும்பிவிட்டது! அவள் தலையாட்டிவிட்டு, அக்காவின் திருப்பியோடு கொல்லைக்குப் போனாள்.