பூஜ்யத்துக்குப் போன முள்

நான் கோபக்காரி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடத்தில் யாராவது குறுக்கே பேசினால் எனக்குச் சுர்ரென்று ஏறும். விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்ற கேள்விக்கு, "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்றுதான் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு மாணவி மட்டும் தேர்வில், "ஈர்ப்பு இருக்கிறது. விண்கலமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்துவிட்டேன்.

"என்னடி, கதை விடுறியா? நான் சொன்ன பதில அம்பது தடவ எழுதிட்டு வா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலத்தில் எங்கள் களத்தில் குறுவை நெல் எடை போட்டார்கள். மூன்று மூங்கில்களைக் கூட்டி நிறுத்திய முக்காலியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட, உள்ளே சுருள்வில் வைத்த முள் தராசு. பின்னால் வியாபாரியோடு தகராறு வரக்கூடாது என்று, ஒவ்வொரு மூட்டைக்கும் என் கணவர் முள்ளை செல்போனில் வீடியோ எடுப்பார். ஏழாவது மூட்டைக்கு மேல்கயிறு அறுந்து, தராசும் மூட்டையுமாகத் தொப்பென்று விழுந்தன. நல்லவேளை, மூட்டையை மாட்டியவர் விலகிக்கொண்டார்.

"இந்தக் கூத்தப் பாரேன்!" என்று கணவர் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழும்போதும் மூட்டை கொக்கியில்தான் இருந்தது. முள் மட்டும் நாற்பது கிலோவிலிருந்து பூஜ்யத்துக்குப் போயிருந்தது.

"தராசு கெட்டுப்போச்சாங்க?"

"இல்லியே. அப்புறம் மாட்டுனப்ப சரியாத்தான காட்டுச்சு."

நெல் எங்கே போனது? பூமிதான் எங்கே போனது? இரண்டும் அப்படியேதான் இருந்தன. தராசும் மூட்டையும் சேர்ந்து விழுந்ததால் மூட்டை தராசை இழுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் எழுதியதும் இதைத்தானே! அட கடவுளே, பதினெட்டு வருடம்! அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அவளிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் நோட்டை நீட்டினாள். ஐம்பது வரி, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"அத விடும்மா. அவங்க ஏன் மிதக்கிறாங்க? நீ என்ன நெனக்கிறேன்னு சொல்லு."

எழுந்து நின்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அங்க புவியீர்ப்பு இல்ல மிஸ்."