கர்னலுக்குக் கிடைத்த ஷாபாஷ்

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற சுடலைக்கண்ணு, மகளைக் கட்டிக் கொடுத்து, குத்துக்கல்வலசையில் வீடும் கட்டி முடித்த கையோடு ஒரு நாய்க்குட்டி வாங்கினார். சாதாரண நாய் இல்லை, மாஸ்டிஃப் என்கிற பெரிய காவல் ஜாதி. செங்கோட்டை வழியாகக் கொல்லம் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்குக் கர்னல் என்று பெயர். வாலிபம் முழுக்கக் கர்னல்களுக்குச் சல்யூட் அடித்த மனிதருக்கு, ஒரு கர்னலையாவது உட்காரச் சொல்லி உட்கார வைக்கும் ஆசை இருக்காதா என்ன? எதிர்வீட்டுக்காரன் நான், அந்த ஆசை வளர்ந்ததைத் தினமும் பார்த்தேன்.

நாயை விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தார். குட்டியாக இருக்கும்போதே நாலு பேரோடு பழக விடுங்கள், வளர்ந்தபின் யார் பேச்சும் கேட்காது என்று. சுடலைக்கண்ணு தலையை ஆட்டிவிட்டு வந்து நேர்மாறாகச் செய்தார். காவல் நாய் ஒரே கையில்தான் சாப்பிட வேண்டும் என்பது அவர் பட்டாளத்தில் கண்ட பாடம். மனைவி வள்ளித்தாய் ஒரு பிடி தயிர்சோறு வைத்தால்கூட வீட்டில் சண்டை. தெருப் பிள்ளைகள் தொடக் கூடாது. கட்டளை எல்லாம் இந்தியில். அவர் "பைட்டோ" என்றால் உட்காரும். வள்ளித்தாய் "உக்காரு" என்று கத்தினால், யாரையோ சொல்கிறாள் என்று சும்மா நிற்கும்.

கேட்டுக்கு வெளியே யாராவது வந்து அது குரைத்தால் போதும், உள்ளேயிருந்து "ஷாபாஷ்!" என்று ஒரு சத்தம் வரும், கூடவே ஒரு துண்டு ஈரலும் வரும். பால்காரர், தபால்காரர் என்று ஒருவரையும் விடாமல் குரைத்து ஈரல் தின்றே அது கன்றுக்குட்டி உயரம் வளர்ந்தது. கேஸ் போடும் துல்கர்னைன் சிலிண்டரைத் தெருமுக்கில் இறக்கிவிட்டுப் போனில் கூப்பிடுவான். அதில் சுடலைக்கண்ணுவுக்கு ஏகப் பெருமை. இத்தனைக்கும் எங்கள் தெருவுக்குத் திருடன் வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரே மகள் நிவேதா வாழ்க்கைப்பட்டது கரிசல்காட்டுத் திருவேங்கடத்தில். நாய் வந்தபிறகு அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஏழாம் மாதம் அங்கே வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. சாரல் காலம் வேறு. "அம்மா, இங்கன வெயில் தாங்கல. நம்ம வீட்டுல குளுகுளுன்னு கிடந்து பெத்துக்கிடுதேன்" என்று எப்போது போன் போட்டாலும் அதே பேச்சு.

வளைகாப்பு முடிந்ததும் சுடலைக்கண்ணு வீட்டை ஒழுங்குபடுத்த முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். மகளோடும் மருமகனோடும் காரில் வந்துகொண்டிருந்த வள்ளித்தாய் வழியிலிருந்து கூப்பிட்டாள். "பக்கத்துல வந்துட்டோம். அந்த நாயைக் கட்டிப் போடுங்க."

"ஏட்டி, நம்ம ரத்தத்தை அதுக்குத் தெரியாதாக்கும்? வாசம் பிடிச்சுக் காலடில படுத்துரும் பாரு" என்றார். கட்டவில்லை.

கார் வந்தபோது அவர் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கை நிறைய வளையலோடு நிவேதாதான் ஆசையாக முதலில் கேட்டைத் திறந்தாள். கர்னல் குரைத்துக்கொண்டே ஒரே பாய்ச்சலில் வந்து இரண்டு முன்கால்களையும் அவள் தோளில் போட்டது. அவள் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வளையல்கள் நொறுங்கிக் கையெல்லாம் ரத்தம். "போ, போ" என்று வள்ளித்தாய் அலறினாள். அதற்குப் புரியவில்லை. நான் ஓடினேன். அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து உற்சாகமாக ஒரு குரல் கேட்டது: "ஷாபாஷ், கர்னல்! ஷாபாஷ்!"

நிவேதா அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தென்காசியில் டாக்டர் சொன்னார். மருமகன் கோபப்படவில்லை. "பிரசவத்தை எங்க ஊர்லயே பாத்துக்கிடுதோம் மாமா" என்று மட்டும் சொல்லிக் காரைத் திருப்பினான். நாலு அடி அடித்திருந்தால்கூட அவருக்குத் தேவலை. தலைப்பிரசவம் பெற்றவர் வீட்டில் நடக்கவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா? "மக வந்தாச்சா அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரி வசதி என்று சொல்லிப் பார்த்தார். தென்காசியில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று ஒருவர் சிரித்தார். அதோடு டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் வெட்கத்தை விட்டு, சங்கிலியில் நாயோடு வீடு வீடாக வந்தார். "தம்பி, உங்க கையால ஒரு வாய் சோறு வைங்க" என்று முதலில் என்னிடம் கேட்டார். துல்கர்னைன், "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு அண்ணாச்சி, ஆளை விடுங்க" என்று கும்பிட்டான். விடாமல் அவன் முன்னாலும் போய் நின்றார். மெல்ல மெல்ல நாய் இளகியது. தயிர்சோறு வைக்கிற வள்ளித்தாயின் பின்னாலேயே சுற்றியது, "இரு" என்றால் இருந்தது. இடையில் பேத்தி திருவேங்கடத்தில் பிறந்தாள். வள்ளித்தாய் மட்டும் போய்ப் பார்த்து வந்தாள். சம்பந்தி முகத்தில் முழிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளைக்குத் தலை நின்றபிறகு நிவேதா தூக்கிக்கொண்டு வந்தாள். சுடலைக்கண்ணு சங்கிலியை இறுக்கிப் பிடித்துக் கேட்டோரம் நின்றார். தெருவே பார்த்தது. கர்னல் படுத்தபடியே வாலை ஆட்டியது. நிவேதா குனிந்து அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சங்கிலியை என்னிடம் தந்துவிட்டு, பேத்தியை வாங்கக் கையை நீட்டினார்.

நிவேதா பிள்ளையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"நாய் மேல எனக்குக் கோவமே இல்லப்பா. நான் யாருன்னு அதுக்குத் தெரியாது" என்றாள். "நான் வருதேன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சுடலைக்கண்ணு நீட்டிய கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே சங்கிலியைத் திரும்ப வாங்கினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் உள்ளே போகாமல், பொழுது சாயும்வரை நாயோடு வெளியிலேயே உட்கார்ந்திருந்தார்.